தொப்பி பின்னுவதற்கும் சங்கத்துக்கும் என்ன சம்பந்தம்?

சென்ற மாதம் மாவட்டக் கமிட்டிக் கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்துத் தோட்டத்துத் தலைவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "டீச்சர், ஞாயித்துக்கெழமை பொம்பளைகள சேத்து தொப்பி பின்றீங்களாமே, அதுக்கும் சங்கத்துக்கும் என்ன சம்பந்தம்?" கேலியாகக் கேட்கவில்லை. சந்தா குறைந்து வருகிறது, இளைஞர்கள் கொழும்புக்குப் போகிறார்கள், கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பதே பெரும்பாடு. இந்த நேரத்தில் ஓர் அமைப்பாளர் ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருக்கலாமா என்பதுதான் அவர் கவலை. அங்கே சிரித்துச் சமாளித்துவிட்டேன். பதிலை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் டிவிசனில் பிள்ளைக்காம்பரா ஞாயிற்றுக்கிழமைகளில் பூட்டிக்கிடக்கும். ஏறக்குறைய இரண்டு வருடமாக அங்கே பிற்பகல் மூன்று மணிக்குப் பெண்கள் கூடுகிறார்கள். சில வாரம் பதினைந்து பேர், சில வாரம் நான்கு பேர். கைக்காசு போட்டால் யாரும் வருவதில்லை. பைப்பில் தண்ணீர் வரும் நேரம் மாறினாலும் வருவதில்லை. கம்பளி நூலில் தொப்பி, பிள்ளைகளுக்குக் காலுறை, காமெண்ட்டிலிருந்து கிலோக் கணக்கில் வரும் வெட்டுத்துணியில் கால்மிதி, தலையணை உறை, பழைய சேலைகளை அடுக்கித் தைக்கும் போர்வை என்று அவரவருக்குத் தெரிந்ததைச் செய்கிறோம். குழுவுக்குப் பெயர் கிடையாது. தலைவி, செயலாளர், பொருளாளர் கிடையாது.

ஆரம்பம் அப்படி இருக்கவில்லை. நான் ஆசிரியை. எதைத் தொடங்கினாலும் முதலில் ஒரு இடாப்பு வாங்கிக் கோடு போட்டுப் பெயர் எழுதுவது என் பழக்கம். முதல் வாரம் பதினான்கு பேர் வந்தார்கள். பெயர், லயக் காம்பரா இலக்கம், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் எழுதினேன். மூன்றாவது வாரம் ஐந்து பேர். காரணம் புரியாமல் ஒரு வாரம் குழம்பினேன். கடைசியில் பணிய லயத்து அக்கா ஒருவர் குழாயடியில் வைத்துச் சொன்னார்: "இதுல பேர் எழுதிட்டா நாளைக்கு யாராச்சும் வந்து கடன் கட்டச் சொல்லுவாங்களான்னு பயப்புடுறாங்க டீச்சர். குழுன்னாலே பயந்தான்."

நுண்கடன் நம்முடைய லயங்களுக்குள் செய்ததை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. ஐந்து பெண்களைக் குழுவாக்கு, ஒருவருக்கு ஒருவர் பிணை நிற்கச் செய், வாரா வாரம் ஒரே இடத்தில் கூட்டி வசூலி, ஒருத்தியால் கட்ட முடியாவிட்டால் மற்ற நான்கு பேரும் கட்டும்வரை யாரையும் எழுந்து போக விடாதே. கூட்டுறவு, ஒற்றுமை, குழு என்று நாங்கள் நூறு வருடமாகச் சொல்லிவந்த சொற்களை எடுத்துத்தான் அவர்கள் கடன் வசூலித்தார்கள். 2021 மார்ச்சில் தொடங்கி ஹிங்குராக்கொடையில் நுண்கடனால் பாதிக்கப்பட்ட பெண்கள் ஐம்பது நாட்களுக்கு மேல் சத்தியாக்கிரகம் இருந்தபோது, எங்கள் மலைகளில் அதைக் கைபேசியில் பார்த்தவர்கள் நிறையப் பேர். சேர்ந்து பார்த்தவர்கள் குறைவு. ஏனென்றால் இங்கே கடன் என்பது பக்கத்துக் காம்பராவோடு பேச்சு நின்றுபோன கதை. பிணை நின்று ஏமாந்தவளும் ஏமாற்றியவளும் ஒரே மலையில் அடுத்தடுத்த நிரையில் கொழுந்து பறிக்கிறார்கள், ஒரு வார்த்தை பேசாமல்.

இடாப்பை வீட்டுக்கு எடுத்துப் போய் வைத்துவிட்டேன். அடுத்த வாரம் ஒன்பது பேர்.

பணம் பற்றி ஒரே ஒரு ஏற்பாடுதான். ஒரு பழைய பிஸ்கட் டின் ஜன்னல் ஓரத்தில் இருக்கும். வெட்டுத்துணி மூட்டை வாங்க, முடிந்தவர்கள் முடிந்ததைப் போடுவார்கள். யார் எவ்வளவு போட்டார்கள் என்று எழுதுவதில்லை. சீட்டு பிடிப்பதில்லை, கைமாற்று கொடுப்பதில்லை. ஒரு முறை டின்னில் முந்நூறு ரூபாய் குறைந்திருந்தது. எல்லோருக்கும் தெரியும். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மாதம் துணி மூட்டை சின்னதாக வந்தது. கணக்கு வைக்காத இடத்தில் இப்படி நடக்கும் என்று என்னைத் திட்டுகிற தோழர்கள் இருக்கிறார்கள். முந்நூறு ரூபாய் போனால் போகட்டும். கணக்குப் புத்தகம் வந்தால் யார் போவார்கள் என்று எனக்குத் தெரியும். கடனில் நொந்தவர்கள்தான் முதலில் போவார்கள்.

அந்த இடத்தில் உண்மையில் என்ன நடக்கிறது என்று கேட்கிறீர்களா? பெரும்பாலும் ஒன்றும் நடப்பதில்லை. கொழுந்து பறிக்கும் விரல்கள் வெடித்திருக்கும், கம்பளி நூல் அந்த வெடிப்பில் மாட்டும். அதனால் முதலில் தேங்காய் எண்ணெய் போத்தல் ஒரு சுற்று வரும். கறை போகாத விரலால் வெள்ளை நூலைத் தொடக் கூச்சப்பட்டு, வயதான அக்காமார் கறுப்பும் கபிலமும்தான் கேட்பார்கள். ஊசிக் காதில் நூல் கோக்கக் கண் தெரியாது. என் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் வந்து இருபது ஊசியில் நூல் கோத்து, ஒரு சவர்க்காரக் கட்டியில் குத்தி வைத்துவிட்டு விளையாடப் போய்விடுவார்கள். ஒரு மூக்குக் கண்ணாடி நான்கு பேருக்குச் சுற்றும். கொக்கி ஊசிகூடக் கடையில் வாங்கியது இரண்டுதான். மற்றவை குடைக் கம்பியை ராவித் தேய்த்துச் செய்தவை.

அந்தக் கம்பிகளைச் செய்து தந்தவர் எங்கள் டிவிசனில் கடைசியாக மூங்கில் கூடை பின்னத் தெரிந்த தாத்தா. பிளாஸ்டிக் கூடையும் நைலோன் பையும் வந்த பிறகு அவருக்கு வேலை இல்லை. ஆம்பளை வரலாமா என்று ஒரு விவாதம் நடந்தது. அவர் வாசற்படியில் உட்கார்ந்து மூங்கில் சீவ ஆரம்பித்ததும் விவாதம் தானாக நின்றது. உள்ளே வாருங்கள் என்று கூப்பிட்டால் "பரவால்ல பிள்ள, வெளிச்சம் இங்கதான் நல்லா இருக்கு" என்பார். வெளிச்சம் காரணமல்ல. கூடை பின்னுவது யாருடைய தொழில், யார் எந்தக் காம்பராவுக்குள் எதுவரை வரலாம் என்று ஒரு பழைய கணக்கு நம் லயங்களில் இன்னும் இருக்கிறது. மேடையில் அது இல்லை என்று பேசுகிறோம். அவர் அந்தப் படியைத் தாண்டி உள்ளே வந்து பாயில் உட்கார நான்கு மாதம் ஆயிற்று. ஒரு பாட்டி, கூடைக்கு அடிப்போடும் விதத்தைக் கற்றுக்கொடுங்கள் என்று அவர் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். எந்தத் தீர்மானமும் நிறைவேற்றி அதைச் செய்திருக்க முடியாது.

காமெண்ட்டில் ஆறு வருடம் வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்த ஒரு தங்கச்சியும் வருகிறார். எங்கள் எல்லோரையும்விட வேகமான கை. ஆரம்பத்தில் எல்லோரையும் விரட்டுவார். மணிக்கு எத்தனை உருப்படி முடிந்தது என்று எண்ணுவார். அங்கே அவர் இருந்த இடத்துக்கும் லைன் என்றுதான் பெயர். இங்கே பிறந்ததும் லயன். ஒரு நாள் நடுவில் ஊசியை வைத்துவிட்டு, "டார்கட் இல்லாம தைக்கிறது இதுதான் டீச்சர் மொத தடவ" என்றார். பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டார். முழுவதும் நிறுத்தவில்லை, பழக்கம் போகுமா.

இப்போது பணத்துக்கு வருகிறேன். கைவேலை என்றதும் எல்லோரும் சொல்லும் முதல் வார்த்தை சுயதொழில். எங்களிடமும் வந்தார்கள். பதிவு செய்யுங்கள், பயிற்சி தருகிறோம், சந்தை பிடித்துத் தருகிறோம் என்றார்கள். நல்ல மனதோடு வந்தவர்கள்தான். ஆனால் தொழிற்சங்கத்தில் இருக்கும் நாம் ஒரு கூட்டல் கழித்தல் செய்து பார்க்காமல் தலையாட்டலாமா?

எங்களில் ஓர் அக்கா டவுன் கடைக்குத் தொப்பி பின்னிக் கொடுத்தார். ஒரு தொப்பிக்கு நூல் செலவு 220 ரூபாய். கடைக்காரர் கொடுத்தது 450. மிச்சம் 230. பின்ன எடுத்த நேரம் இரண்டு இரவும் ஒரு பிற்பகலும், மொத்தம் ஏழு மணித்தியாலம். மணித்தியாலத்துக்கு 33 ரூபாய் வருகிறது. 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1350 ரூபாய். எட்டு மணித்தியாலத்துக்குப் பிரித்தால் மணிக்கு 169 ரூபாய் அளவில் வரும். அந்த 1350 போதாது என்று நாம் அப்போது கத்திக்கொண்டிருந்தோம். 169 ரூபாய் போதாது என்று பகலில் கோஷம் போட்டுவிட்டு, இரவில் 40 வோட் பல்ப்பின் கீழே கண்ணைக் கெடுத்து 33 ரூபாய்க்கு வேலை செய்வதை 'பெண்கள் வலுவூட்டல்' என்று எப்படிச் சொல்வது? அதே தொப்பி கடையில் 900 ரூபாய்க்குத் தொங்குவதை நானே பார்த்தேன்.

அந்த 1350 ரூபாய் நாட்சம்பள வீதத்திலேயே கூலி போட்டால் அந்தத் தொப்பியின் விலை சுமார் 1400 ரூபாய். அந்த விலைக்கு ஹட்டனில் யாரும் வாங்கமாட்டார்கள் என்பதும் உண்மை. ஆகவே நான் விற்கக் கூடாது என்று சொல்லவில்லை. பிள்ளைக்குச் சப்பாத்து வாங்க 230 ரூபாய் தேவைப்படும் அக்காவைத் தடுக்க நான் யார்? விற்பவர்கள் விற்கட்டும், ஆனால் ஒரே கடைக்கு இரண்டு பேர் கொடுத்தால் இருவரும் பேசி ஒரே விலை சொல்லட்டும், ஒருவரை வைத்து ஒருவரை இறக்க இடம் கொடுக்க வேண்டாம். அந்தப் பேச்சு எங்கள் பாயில் நடந்தது. அடுத்த முறை கடைக்காரர் 600 கொடுத்தார். அதுவும் அநியாயம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் விற்பனைக்கு என்று ஆகிவிடக் கூடாது. விற்பனை என்று வந்தால், கோணலாகத் தைப்பவளுக்கு அங்கே இடம் இருக்காது. நானே கோணலாகத்தான் தைப்பேன்.

இனி எழுதத் தயங்கிய விடயம்.

சென்ற வருடம் மழைக் காலத்தில் ஒரு ஞாயிறு பேச்சு எடை பக்கம் போனது. ஓர் அக்கா, தங்கள் கூட்டத்தில் ஒவ்வொரு நிறுவைக்கும் தண்ணீருக்கும் சாக்குக்கும் என்று இரண்டு கிலோ கழிக்கிறார்கள் என்றார். அடுத்த மலையில் வேலை செய்யும் இன்னொருவர், எங்களுக்கு ஒன்றுதானே என்றார். ஊசிகள் நின்றன. நாளுக்கு மூன்று நிறுவை. ஆளுக்கு மூன்று கிலோ வித்தியாசம். நிறை எடுக்காவிட்டால் அரைப்பேர் விழும் நாளில் அந்த மூன்று கிலோ என்னவென்று இந்த இதழை வாசிப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நான் அடுத்த வாரமே அதைக் கிளைக் கமிட்டியில் சொன்னேன். தலைவர் நிர்வாகத்துடனான பேச்சில் எழுப்பினார். பெயர் சொல்லவில்லை, "அந்த மலையில் வேலை செய்யும் ஒரு பெண்" என்றுதான் சொன்னோம். அந்த மலையிலிருந்து எங்கள் கூட்டத்துக்கு வருவது அவர் ஒருவர்தான் என்பது எனக்குத் தோன்றவில்லை. டிவிசன் முழுவதுக்கும் அது தெரியும். ஒரு மாதத்துக்குள் கழிவு ஒரு கிலோவாகக் குறைந்தது. அந்த ஒரு மாதமும் அவருக்குச் செங்குத்தான கடைசி நிரைதான் கிடைத்தது. பிறகு மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமை அவர் வரவில்லை. வழியில் கண்டால், "வேல இருக்கு டீச்சர்" என்பார். மரியாதையாகத்தான் சொல்வார். அதுதான் அதிகமாகச் சுட்டது.

கழிவு குறைந்ததே, வெற்றி வெற்றிதானே என்று சில தோழர்கள் சொன்னார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அவர் ஒரு முறைப்பாடு கொடுக்கவில்லை. தொப்பி பின்னிக்கொண்டே பேசினார். அந்தப் பேச்சை அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துக்கொண்டு போய்ச் சபையில் வைத்தது நான். கடன்காரர்கள் நம் பெண்களின் கூட்டத்தை வசூலுக்குப் பயன்படுத்தினார்கள் என்று மேலே எழுதினேன். சங்கத்துக்குத் தகவல் திரட்டப் பயன்படுத்தினால் நாம் எவ்வளவு வேறு? நோக்கம் நல்லது என்பது பெரிய வேறுபாடு, ஒத்துக்கொள்கிறேன். கடைசி நிரையில் மழையில் நின்றவருக்கு அது தெரியாது.

எப்படிச் செய்திருக்க வேண்டும் என்பதைப் பின்னால் அந்தப் பெண்களே காட்டினார்கள். இரண்டாம் முறை பிரச்சினை வந்தபோது, அது சம்பளச் சிட்டையில் முற்பணம் வெட்டியது பற்றியது, யாரும் என்னிடம் சொல்லவில்லை. இரண்டு மலையிலுமாகப் பதினொரு பேர் பிள்ளைகளின் பழைய கொப்பியில் ஒரு மாதம் எழுதி வைத்து, சேர்ந்தே தோட்டத் தலைவர் வீட்டுக்குப் போனார்கள். பதினொரு பேரையும் கடைசி நிரையில் போட முடியாது. எனக்கு விடயம் தெரிந்தது அதற்கடுத்த ஞாயிறு. அந்த அக்காவும் அந்தப் பதினொரு பேரில் ஒருவர். அன்றைக்கு அவர் பிள்ளைக்காம்பராவுக்கும் வந்தார். மூன்று மாதத்துக்கு முன் பாதியில் விட்ட தொப்பியை நான் எடுத்து வைத்திருந்தேன். வாங்கிப் பார்த்து, நான் நடுவில் இரண்டு வரி பின்னியிருந்ததைப் பிரித்துவிட்டுத் திரும்பப் பின்னினார்.

அதற்குப் பிறகு எழுதாத ஒரு வழக்கம் இருக்கிறது. பாயில் பேசியது பாயோடு. வெளியே போக வேண்டுமானால் பேசியவர்தான் கொண்டுபோக வேண்டும், தனியாகப் போகக் கூடாது.

அந்தக் காலத்தில் நடேசய்யர் துணி வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் நுழைந்ததாகச் சொல்வார்கள். வெளியாள் லயத்துக்குள் வந்து பேசினால் அத்துமீறல் என்று வழக்குப் போட்ட காலம் அது. மீனாட்சி அம்மை பாடித்தான் கூட்டம் சேர்த்தார். நேராகச் சங்கம் என்று சொல்லி யாரும் உள்ளே வந்துவிடவில்லை. துணியும் பாட்டும்தான் முன்னால் வந்தன. இதைச் சொன்னால் சில தோழர்கள் உடனே, அப்படியென்றால் தொப்பியை வைத்து ஆள் சேர்க்கலாமே என்கிறார்கள். அன்றைக்கு வேடம் போட்டது துரையை ஏமாற்ற. நம்முடைய பெண்களிடம் நமக்கு எதற்கு வேடம்?

மாதர் அணித் தோழிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மார்ச் 8க்கு எங்கள் கூட்டத்தைப் பதாகையோடு அழைத்து வரச் சொல்லிக் கேட்டீர்கள். போர்வையை மேடையில் பிரித்துக் காட்டலாம், தலைவர் கையால் பரிசு கொடுக்கலாம் என்றீர்கள். அன்போடு கேட்டீர்கள், நான் மறுத்ததில் உங்களுக்கு வருத்தம் என்று தெரியும். வர விரும்பியவர்கள் தனியாக வந்தார்கள், ஆறு பேர். மற்றவர்கள் வராததற்குக் காரணம் எதிர்ப்பு இல்லை. படம் எடுத்தால் பட்டியல் வரும் என்ற பழைய பயம். அந்தப் பயம் போகும்வரை காத்திருப்பதும் வேலைதான், அறிக்கையில் எழுத முடியாத வேலை.

சங்கத்திடம் நான் கேட்பது குறைவு. ஒவ்வொரு டிவிசனிலும் பிள்ளைக்காம்பராவோ வாசிகசாலையோ ஞாயிற்றுக்கிழமை பூட்டித்தான் கிடக்கிறது. அதன் சாவியை மூன்று மணித்தியாலம் பெண்களிடம் கொடுக்கும்படி நிர்வாகத்திடம் பேசித் தாருங்கள். எங்கள் சாவி வெளிக்கள உத்தியோகத்தர் ஒருவரின் தனிப்பட்ட நல்ல மனதில் கிடைத்தது. அவர் மாறிப்போனால் சாவியும் போகும். ஒழுங்கான பல்ப் ஒன்று போடச் சொல்லுங்கள். முடிந்தால் வருடத்துக்கு ஒரு தடவை கண் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள், ஐம்பது வயதைத் தாண்டிய எங்கள் அக்காமாருக்குக் கொழுந்துக்கும் அது தேவை. அதற்குப் பதிலாக எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் அங்கத்தவர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள்.

வேறு டிவிசன்களில் தொடங்க நினைக்கும் ஆசிரியைகள், முன்பள்ளித் தோழிகள் என்னிடம் வழிமுறை கேட்டார்கள். பெரிதாக ஒன்றுமில்லை. முதல் மாதம் பழைய சேலைப் போர்வையில் தொடங்குங்கள், அதற்கு நூல்தவிர ஒன்றும் வாங்க வேண்டாம், நான்கு பேர் ஒரே துணியின் நான்கு பக்கத்தில் உட்கார்ந்தால் கைபேசியைப் பார்க்க வழியில்லை. கைக்காசு இருக்கும் ஞாயிறு வைக்காதீர்கள். தேநீருக்குச் சீனி யார் கொண்டுவருவது என்று முறை போடாதீர்கள், சீனி இல்லாவிட்டால் வெறுந்தேநீர். பேச்சில்லாத இரண்டு பேர் ஒரே நாளில் வந்துவிட்டால் சமாதானம் செய்யப் போகாதீர்கள். அவர்களுக்கு நடுவில் ஒரு கத்தரிக்கோலை வையுங்கள், எப்படியும் ஒருத்தி மற்றவளிடம் கேட்டே ஆக வேண்டும். எங்கள் இடத்தில் பிணைக் கடனில் பேச்சு நின்ற இருவர் எட்டு மாதத்துக்குப் பிறகு முதலில் பேசிக்கொண்டது "அத இப்புடித் தள்ளு" என்றுதான்.

கத்தரிக்கோல் என்றதும் நினைவு வருகிறது. எங்களிடம் இரண்டுதான் இருக்கிறது, ஒன்று மழுங்கிவிட்டது. யாரிடமாவது வீட்டில் சும்மா இருந்தால் கிளைக் காரியாலயத்தில் என் பெயருக்குக் கொடுத்து வையுங்கள்.